20 ரூபாய்ப் பத்திரத்தில் திருமணம் முடிந்துவிடுமா?

கடிதம் எழுதிய சகோதரிக்கு வயது 36. தென் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் தனியார் பள்ளி ஆசிரியை. ஆறு ஆண்டுகளுக்கு முன் கணவரைப் பிரிந்து, கைக்குழந்தைப் பருவம் தாண்டிய மகளோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். அப்போது ஊர்ப் பெரியவர்கள் இரு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசி, 20 ரூபாய் முத்திரைத்தாளில் ‘இனி ஒருவருக்கொருவர் எந்தச் சம்பந்தமும் இல்லை, இருவரும் மறுமணம் செய்துகொள்ள ஆட்சேபணை இல்லை’ என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். அந்தத் தாளை லேமினேட் செய்து, ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்திருக்கிறார். கணவர் வேறோர் ஊரில் இன்னொரு பெண்ணோடு குடும்பமாக இருக்கிறார்.

இப்போது சகோதரிக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. மனைவியை இழந்தவர், அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர், 12 வயதில் ஒரு மகள் உண்டு. தை மாதம் கோவிலில் எளிமையாகத் திருமணம் என்று பேசியிருக்கிறார்கள். திருமணம் ஆனதும் சகோதரியின் ஒன்பது வயது மகளை அவர் தத்தெடுத்துக்கொள்ளவும் தயார். ‘சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் போட்டால் போதும், பள்ளியில் இனிஷியலை மாற்றிவிடலாம்’ என்று பத்திரம் எழுதுபவர் சொல்லியிருக்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வக்கீலைப் பார்த்ததில், முறைப்படி விவாகரத்து வாங்க வேண்டும் என்று அவர் சொன்னாராம். கணவரிடம் பேசியபோது, நான்கு லட்சம் தருகிறேன், ‘அதற்குமேல் எனக்கோ மகளுக்கோ எந்த உரிமையும் இல்லை’ என்று நீ எழுதிக் கொடுத்தால் கோர்ட்டுக்கு வருகிறேன் என்கிறாராம். அந்தத் தொகையில் பத்து சதவீதம் தனக்குக் கட்டணம் என்று வக்கீல் கேட்கிறார்.

கடிதத்தின் கடைசியில், பின்குறிப்பு போல, அப்பா தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த வீடு தன் பெயரில் இருப்பதாகவும், ‘எல்லாம் முடிந்து வாழ்க்கை செட்டில் ஆன பிறகு மகள் பெயரில் உயில் எழுதிவிடலாம் அல்லவா’ என்றும் கேட்டிருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தப் பின்குறிப்புதான். விவாகரத்து, திருமணம், தத்து, உயில் என்று வரிசை போட்டிருக்கிறீர்கள். உயிலை முன்னால் கொண்டுவாருங்கள். இந்த வாரமே எழுதுங்கள். ஏன் என்று சொல்வதற்கு முன், அந்த லேமினேட் செய்த தாளைப் பற்றிப் பேசிவிடுவோம்.

அந்தப் பத்திரத்தின் மதிப்பு

‘அவரும் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன், ஐந்து பெரியவர்கள் சாட்சி. அப்புறம் எதற்குக் கோர்ட்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்து திருமணச் சட்டம் 1955-ன்படி நடந்த திருமணத்தை நீதிமன்றத் தீர்ப்பாணைதான் முடித்துவைக்க முடியும். முத்திரைத்தாள் 20 ரூபாயா 500 ரூபாயா, நோட்டரி முத்திரை இருக்கிறதா, சாட்சி எத்தனை பேர் என்பதெல்லாம் கணக்கில் வராது. சட்டம் ஒரே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு சமூகத்தில் வழிவழியாக வந்த மணவிலக்கு வழக்கம் இருந்தால் அதைப் பிரிவு 29 காப்பாற்றுகிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் பழமையானது, தொடர்ந்து கடைப்பிடிக்கப்படுவது என்று சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டிய பாரம் அதைச் சொல்பவர் தலையில் விழும். ‘எங்கள் பக்கம் எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள்’ என்ற வாய்ச்சொல் போதாது. அதை நம்பி ஒரு திருமணத்தைக் கட்ட வேண்டாம்.

ரேஷன் கார்டில் நீங்கள் குடும்பத் தலைவி, உங்களோடு மகள் மட்டும். ஆகவே அரசாங்கமே ஒப்புக்கொண்டதுதானே என்றும் கேட்டிருக்கிறீர்கள். குடும்ப அட்டை யார் யார் ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள் என்பதைச் சொல்லும். யார் யாருக்கு மனைவி என்பதைத் தீர்மானிக்காது.

ஆக, சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்றும் மணமானவர். இந்த நிலையில் தை மாதத் திருமணம் நடந்தால் அது செல்லாத் திருமணம். முதல் கணவர் மனது வைத்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 82-ன் கீழ் புகார் கொடுக்கலாம். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம். அவரும் ஒரு குடும்பம் வைத்திருக்கிறாரே, எப்படிப் புகார் கொடுப்பார் என்று நினைக்காதீர்கள். அந்தப் பெண்ணை அவர் தாலி கட்டி, சடங்கோடு மணந்தாரா என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். உங்கள் கோவில் திருமணத்துக்கோ போட்டோ ஆல்பமே இருக்கும்.

இன்னொன்று, நீங்கள் யோசித்திருக்கவே மாட்டீர்கள். உங்களுக்குப் பார்த்திருப்பவர் அரசு ஊழியர். வாழ்க்கைத்துணை உயிரோடு இருக்கும் ஒருவரை அரசு ஊழியர் மணக்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் சொல்கின்றன. யாரோ ஒரு மொட்டைக் கடிதம் போட்டால் அவர் வேலைக்கே விசாரணை வரும். பணி சார்ந்த குடும்பப் பலன்களிலும் உங்களை மனைவி என்று ஏற்க மாட்டார்கள். இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். விவரம் தெரிந்தவர் என்றால் தேதியைத் தள்ளிவைக்க அவரே முன்வருவார்.

அதற்காக அந்தப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து நீங்கள் தனித்தனியாக வாழ்கிறீர்கள், பிரிவுக்கு இருவரும் சம்மதித்தீர்கள் என்பதற்கு அது நல்ல சான்று. கீழே சொல்லும் மனுவில் அதற்கு வேலை இருக்கிறது. இனிமேல் எந்தப் பத்திரத்தையும் லேமினேட் மட்டும் செய்யாதீர்கள்; முத்திரையையும் பின்பக்கக் குறிப்பையும் கையில் தொட்டுப் பார்க்க முடியாமல் எழுத்தர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

கடைசியாகக் கேட்டதை முதலில் செய்யுங்கள்

கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வீடு யாருக்குப் போகும்? உயில் எழுதாமல் இறக்கும் இந்துப் பெண்ணின் சொத்து, இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 15-ன்படி முதலில் மகன், மகள், கணவர் ஆகியோருக்குச் சமமாகப் போகிறது. உங்களுக்கு ஒரு மகள், சட்டப்படி ஒரு கணவர். பாதி வீடு அவருக்கு. ‘அப்பா கொடுத்த வீடாயிற்றே, எங்கள் வீட்டுக்குத்தானே திரும்பும்’ என்று நினைத்திருக்கலாம். அந்த விதி, பிள்ளைகள் இல்லாத பெண் பெற்றோரிடமிருந்து வாரிசாக அடைந்த சொத்துக்கு மட்டும்தான். உங்களுக்கு மகள் இருக்கிறாள். வீடும் வாரிசாக வரவில்லை, செட்டில்மென்ட்டில் வந்தது.

சரி, மீதிப் பாதி மகளுக்குத்தானே? அவள் மைனர். தாய் இல்லாதபோது இயற்கைக் காப்பாளர் யார்? தகப்பனார். அந்தப் பாதியை விற்க அவருக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பது உண்மை. ஆனால் நிர்வாகம் அவர் கைக்குப் போகும். ஆறு ஆண்டாக மகளின் பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்காதவரின் கையில், உங்கள் அப்பா உங்களுக்காகக் கட்டிய வீட்டின் சாவி.

விவாகரத்து ஆகிவிட்டால் அவர் உங்கள் வாரிசுப் பட்டியலிலிருந்து நீங்கிவிடுவார். ஆனால் மகளுக்குத் தகப்பனார் என்பது மாறாது. அதனால் விவாகரத்துக்குப் பிறகும் உயில் வேண்டும்.

உயிலைப் பற்றிச் சில தவறான எண்ணங்கள் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, பதிவு செய்தால் பின்னால் ‘இது அவர் கையெழுத்தே இல்லை’ என்று கிளப்புபவர்களின் வாயை அடைக்கலாம், அதனால் செய்துவிடுங்கள் என்பேன். கட்டாயமானது இரண்டு சாட்சிகள். நீங்கள் கையெழுத்துப் போட்டதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், உங்கள் முன்னிலையில் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். உயிலால் பலன் பெறுபவர் சாட்சியாக வேண்டாம். வயதில் உங்களைவிட இளையவர்களாக இருப்பது நல்லது, ஏனென்றால் என்றாவது உயிலை நிரூபிக்க வேண்டி வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேற வேண்டும். நாம் என்னவோ மரியாதை கருதி ஊரிலேயே மூத்தவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறோம்!

வீடு முழுவதும் மகளுக்கு என்று எழுதுங்கள். அவளுக்கு 18 வயது ஆகும்வரை சொத்தை நிர்வகிக்க உங்கள் தம்பியை நிறைவேற்றுநராகவும் அறங்காவலராகவும் நியமியுங்கள். மகளை உங்கள் அம்மா வளர்க்க வேண்டும் என்ற விருப்பத்தையும், ஏன் என்ற காரணத்தையும் எழுதலாம். தகப்பனார் உயிரோடு இருக்கும்போது உயில் வழியாகக் காப்பாளரை நியமிக்கத் தாய்க்கு இருக்கும் அதிகாரம் குறுகலானது. ஆகவே அது நீதிமன்றத்தைக் கட்டிப்போடாது. ஆனால் குழந்தையின் நலனே முதன்மை என்பதுதான் நீதிமன்றத்தின் அளவுகோல் என்பதால் நீங்கள் எழுதிவைத்த காரணத்துக்கு எடை உண்டு.

இப்போதே எழுதினால் மறுமணத்தோடு அந்த உயில் ரத்தாகிவிடாதா என்று கேட்பீர்கள். இந்துக்களுக்கு ஆகாது. கிறிஸ்தவர்களுக்கு ஆகும், திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு செல்லாமல் போய்விடும், மறுபடி எழுத வேண்டும். இதைப் படிக்கும் கிறிஸ்தவ வாசகர்கள் குறித்துக்கொள்ளுங்கள். உங்களைப் பொறுத்தவரை, நிலைமை மாறும்போதெல்லாம் புதிதாக எழுதிக்கொள்ளலாம். கடைசியாக எழுதியதே செல்லும்.

இதற்குப் பதிலாக வீட்டை இப்போதே மகள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எழுதிய மறுநாள் வீடு மைனர் சொத்து. நாளைக்கு அவளுடைய படிப்புக்கே அடமானம் வைக்க வேண்டுமென்றாலும் நீதிமன்றப் படியேற வேண்டும்.

எல்.ஐ.சி. பாலிசியில் கணவர் பெயர்தான் நாமினி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பொதுவாக நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர்தான். ஆனால் 2015-ல் இன்சூரன்ஸ் சட்டத்தில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே சொந்தமாகிவிடும். கிளை அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தால் மாற்றிவிடலாம். மகளை நாமினியாகப் போடுங்கள், மைனர் என்பதால் அவள் சார்பில் பணம் பெற உங்கள் அம்மாவையோ தம்பியையோ குறிப்பிடுங்கள்.

விவாகரத்து: சேர்ந்து போடும் மனு

உங்கள் கணவர் கோர்ட்டுக்கு வரத் தயார் என்பது பெரிய விஷயம். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 13பி-யின் கீழ், நீதிமன்ற வளாகங்களில் ‘மியூச்சுவல்’ என்று சொல்வார்களே, அந்தப் பரஸ்பர சம்மத மனு. ஓராண்டுக்கு மேல் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். நீங்கள் ஆறு ஆண்டாகப் பிரிந்திருக்கிறீர்கள். நீங்கள் வசிக்கும் ஊரின் எல்லைக்குள் வரும் குடும்பநல நீதிமன்றத்திலேயே போடலாம், அது இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றம். மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருந்து, இருவரும் மறுபடி வந்து ‘முடிவில் மாற்றமில்லை’ என்று சொல்ல வேண்டும். இந்த ஆறு மாதம் கட்டாயமல்ல என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு போடும்போதே ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்து, சமரச முயற்சி பலிக்காமல், ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு எல்லாம் பேசி முடிந்திருந்தால் விலக்கு கேட்கலாம். அங்கேதான் அந்த ஆறு வருடப் பத்திரம் உதவப் போகிறது. விலக்கு தருவது நீதிபதியின் முடிவு. எனவே தை மாதத்தை மனதில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

இந்த வழியில் ஒரு பலவீனம் உண்டு. தீர்ப்பாணை வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் பணத்தைப் பிரித்துப் பேசுங்கள்: மனு போடும்போது ஒரு பங்கு, இறுதி விசாரணையன்று நீதிபதி முன்னிலையில் மீதி, இரண்டும் டிமாண்ட் டிராஃப்டாக. ரொக்கம் வேண்டாம். நகை, சீர் ஏதாவது அந்த வீட்டில் நின்றுபோயிருந்தால் அதையும் இதே மனுவில் பட்டியலிடுங்கள்.

‘எனக்கோ மகளுக்கோ உரிமை இல்லை’ என்ற வாசகத்துக்கு வருவோம். உங்கள் ஜீவனாம்சத்தை நீங்கள் விட்டுக்கொடுப்பது உங்கள் முடிவு. மகளுடையதை விட்டுக்கொடுக்க நீங்கள் யார்? கடுமையாகக் கேட்கவில்லை, சட்டமே அப்படித்தான் கேட்கும். மைனர் குழந்தையின் பராமரிப்பு உரிமை குழந்தையுடையது. தாய் எழுதிக் கொடுத்ததால் அது ஒழிந்துபோகாது. அந்த வாசகத்தை அடித்துவிட்டு, நான்கு லட்சத்தில் எவ்வளவு உங்களுக்கு, எவ்வளவு மகள் பெயரில் வைப்புநிதி என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். தொகை போதுமா என்று கேட்டால், அவர் வருமானம் தெரியாமல் நான் சொல்ல முடியாது. ஆனால் விவாகரத்து அவருக்கும் தேவைப்படுகிறது, அவரும் அந்தப் பெண்ணை முறைப்படி மணக்க வேண்டும் அல்லவா, என்பதை மறக்காமல் பேசுங்கள்.

அவர் பின்வாங்கினால்? இரண்டு ஆண்டுக்கு மேல் கைவிட்டது, வேறு பெண்ணோடு உறவு என்று நீங்கள் தனியாகவே மனு போடக் காரணங்கள் இருக்கின்றன. வழக்கு வருடக் கணக்கில் இழுக்கலாம் என்பதால் அதை இரண்டாவது வழியாக வையுங்கள். மியூச்சுவலில் கிடைத்த தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், சான்றிட்ட நகல் கைக்கு வந்ததும் நீங்கள் மறுமணம் செய்துகொள்ளலாம்.

தத்து: பத்திரம் எழுதுபவர் சொல்லாமல் விட்டது

அவர் சொன்னது இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956-ஐ. அதன்படி தத்துப் பத்திரம் பதிவு செய்யலாம் என்பது சரிதான். ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 11 என்ன சொல்கிறது? பெண் குழந்தையைத் தத்தெடுப்பவருக்கு ஏற்கெனவே மகள் இருக்கக் கூடாது. உங்களுக்குப் பார்த்திருப்பவருக்கு 12 வயதில் மகள் இருக்கிறாள். ஆகவே அந்தச் சட்டத்தில் உங்கள் மகளை அவர் தத்தெடுக்கவே முடியாது. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்து கொடுத்துவிடக் கூடும். அதனால் அது செல்லுபடியாகிவிடாது. பத்து வருடம் கழித்துப் பாகப்பிரிவினை என்று வரும்போது யாரோ ஒரு பங்காளியின் வக்கீல் அந்தப் பத்திரத்தைத் தூக்கி எறிவார். அன்று உங்கள் மகள் நடுத்தெருவில் நிற்பாள்.

வேறு வழி இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் கீழ் மாற்றாந்தந்தை தத்தெடுக்கலாம். அங்கே ‘ஏற்கெனவே மகள் இருக்கக் கூடாது’ என்ற தடை இல்லை. மதமும் பார்ப்பதில்லை, எல்லோருக்கும் பொது. திருமணத்துக்குப் பிறகு நீங்கள் இருவரும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின், அதாவது ‘காரா’வின், இணையதளத்தில் பதிவு செய்து ஆவணங்களை ஏற்ற வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வழிகாட்டுவார்கள். குழந்தைகள் நலக் குழுவுக்கும் இதில் பங்கு உண்டு. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியர்தான் பிறப்பிக்கிறார். ஆணை வந்தபின் பிறப்புச் சான்றிதழிலேயே தந்தை பெயர் மாறும், அதைக் காட்டினால் பள்ளியிலும் மாறும். இனிஷியலை முதலில் மாற்றிவிட்டுத் தத்தைப் பிறகு பார்ப்பது தலைகீழ். கெஜட்டில் பெயர் மாற்றிக்கொள்வதால் யாரும் யாருக்கும் தகப்பனாகிவிட மாட்டார்கள்.

தடை எங்கே வரும் என்றால், பெற்ற தகப்பனாரின் சம்மதத்தில். பணம் தராததாலோ வந்து பார்க்காததாலோ அவர் தகப்பன் என்ற தகுதியை இழந்துவிடவில்லை. தாய் மறுமணம் செய்துகொண்ட குழந்தையின் பெயரைத் தாயே தீர்மானிக்கலாம் என்று 2022-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை யாராவது உங்களுக்கு அனுப்பியிருக்கலாம். அந்த வழக்கில் தகப்பனார் இறந்துபோயிருந்தார். உங்கள் வழக்கு அதுவல்ல. இப்போது மியூச்சுவலுக்காகப் பேசும்போதே, மகளின் முழுப் பொறுப்பு உங்களுக்கு, பிற்காலத் தத்துக்கு அவர் ஆட்சேபிக்க மாட்டார் என்று ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். முறையான சம்மதத்தை அதற்கான படிவத்தில் அப்போது மறுபடி வாங்கத்தான் வேண்டும், இருந்தாலும் முன்பே எழுதியது கைகொடுக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்று கேட்கிறேன்: தத்து அவசியமா? தத்து ஆணை வந்துவிட்டால் மகளுக்கும் பெற்ற தகப்பனாருக்கும் சட்ட உறவு அறுந்துபோகும். அவரிடமிருந்து பராமரிப்பு கேட்க முடியாது, அவருக்குப் பின் அவர் சொத்தில் பங்கு கேட்க முடியாது. ஏற்கெனவே மகளுக்கு உரிமையாகிவிட்ட சொத்து மட்டும் அவளோடு இருக்கும். மறுபக்கம், புதியவரின் சொத்தில் அவர் பெற்ற மகளைப் போலவே உரிமை கிடைக்கும். இதற்குப் பிறகு மனம் மாறிவிட்டது என்று ரத்து செய்வதற்கில்லை. தத்தெடுக்காமலே அவர் அவளைப் படிக்க வைக்கலாம், வளர்க்கலாம், உயிலில் பங்கு எழுதலாம். உயில் இல்லாவிட்டால் மட்டும் மாற்றாந்தந்தை சொத்தில் அவளுக்கு எதுவும் வராது. என் கருத்து, திருமணமாகி ஓராண்டாவது அந்த வீட்டில் இரண்டு சிறுமிகளும் ஒன்றாக வளரட்டும், அப்புறம் முடிவெடுங்கள். ஆட்சியரும் குழந்தையின் வயதுக்கேற்ப அவள் விருப்பத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இனிஷியல் மாறுவது என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். உங்கள் கடிதம் முழுக்க அவளைக் கேட்டீர்களா என்பது மட்டும் இல்லை.

வக்கீலும் கட்டணமும்

கிடைக்கும் தொகையில் சதவீதம் கேட்பது அகில இந்திய பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதம். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது. பணிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுங்கள், கொடுப்பதற்கு ரசீது வாங்குங்கள். மியூச்சுவல்தானே என்று இருவருக்கும் ஒரே வக்கீல் என்ற ஏற்பாட்டுக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்; மேலே சொன்ன பத்திகளையெல்லாம் உங்களுக்காகப் பேசி எழுத ஒருவர் வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து, அசல் பத்திரங்களை ஒப்படைப்பது, இரண்டும் கூடாது. உங்களுக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் வக்கீலை மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

‘இலவச சட்ட உதவி ஏழைகளுக்குத்தானே, எனக்குச் சம்பளம் இருக்கிறதே’ என்று எழுதியிருந்தீர்கள். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12-ல் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. ஆசிரியை என்ன, டாக்டரே ஆனாலும் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தாலுகா அளவில் வட்டக் குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். போகும்போது திருமண அழைப்பிதழ் அல்லது போட்டோ, இருவரின் ஆதார் நகல், மகளின் பிறப்புச் சான்றிதழ், அந்தப் பிரிவுப் பத்திரம், இத்தனையும் எடுத்துச் செல்லுங்கள். தத்துக்கு வக்கீலே வேண்டியதில்லை, பாதுகாப்பு அலகும் இணையதளமும் போதும். உயிலுக்கு ஒரு மணி நேர ஆலோசனை போதும்.

திருமணத்துக்கு முன் அவரோடு ஒருமுறை உட்கார்ந்து சொத்தைப் பற்றிப் பேசுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். நீங்கள் மனைவியானதும் அவருடைய வாரிசுகளில் நீங்களும் ஒருவர், அவர் உங்களுடைய வாரிசு. அவருடைய மகளின் தாய்வழித் தாத்தா பாட்டிக்கு அந்தப் பேத்தியைப் பற்றி ஒரு பயம் இருக்கும், உங்கள் அம்மாவுக்கு உங்கள் மகளைப் பற்றி இருப்பதைப் போலவே. அவரையும் ஓர் உயில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் வீடு உங்கள் மகளுக்கு, அவர் வீடு அவர் மகளுக்கு, சேர்ந்து சம்பாதிப்பது இருவருக்கும் என்று முடிவு செய்தாலும் சரி, வேறு மாதிரி செய்தாலும் சரி, அதை இரண்டு உயில்களிலும் எழுதிவிட்டு, தம்பிக்கும் அந்தத் தாத்தா பாட்டிக்கும் உயில் எங்கே இருக்கிறது என்று சொல்லிவையுங்கள்.